கடல்மட்டத்துக்கு மேல் ஒன்று புள்ளி நான்கு

மெஹருனிடமிருந்து நாற்பத்தேழு நொடிக் குரல்செய்தி.
முப்பது நொடி வெறும் மூச்சு.
அப்புறம்,
"கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல
பிளேடு நுழையாதுடி" என்கிறாள்.
மறுபடி மூச்சு.

பெரு நாட்டின் ஏதோ ஒரு மலைமுதுகில்
மேகம் காலுக்குக் கீழே போக
இன்கா அரசர்கள் விட்டுப்போன சுவரில்
சாய்ந்து நிற்கிறாள் கூத்தாநல்லூர்க்காரி.
தலை சுற்றாமலிருக்க
ஏதோ இலையை மெல்லக் கொடுத்தார்களாம்,
சுண்ணாம்பு இல்லாத வெற்றிலைபோல் கசக்கிறதாம்.
படித்த காலத்தில் அவள் ஏறிய பெரிய உயரம்
விடுதி மொட்டைமாடியின் தண்ணீர்த்தொட்டி.
அதிலிருந்தும் நான்தான் கைபிடித்து இறக்கினேன்.

நான் நிற்பது சீர்காழிக்குக் கிழக்கே,
கடைமடையின் கடைசி வாய்க்காலும் தாண்டி.
மட்டக்கருவியின் முக்காலி சேற்றில் இறங்க இறங்க
எதிரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு
"மேடம், நேரா இருக்கா?" என்கிறார் ரெங்கையன்.
கடல்மட்டத்துக்கு மேல் ஒன்று புள்ளி நான்கு மீட்டர்.
இந்தச் சுற்றுவட்டாரத்தின் சிகரம் இதுதான்.

எங்களுக்கும் உண்டு ஓர் இடிபாடு.
நீலப் பலகையில் "பாதுகாக்கப்" வரை இருக்கிறது,
மிச்சத்தைத் துரு தின்றுவிட்டது.
மலையில் பழசைப் பார்க்க அண்ணாந்து ஏறுகிறார்கள்;
இங்கே குனிந்து இறங்கவேண்டும், ஒன்பது படி.
செங்கல் துறைமேடை. கப்பல் கட்டிய மரத்தின்
அடிக்கட்டை. அதன்மேல் ஓர் ஓணான்,
சுங்கம் வசூலிக்க வந்ததுபோல்.
ஆறு மட்டும் இல்லை.
எப்போதோ தெற்கே புரண்டு படுத்துவிட்டது.

வேலியிலிருந்து பதினோரு மீட்டரில்
பக்கிரிசாமியின் மோட்டார் கொட்டகை.
புலப்படத்தில் அது கிடையாது.
அதை அளக்கத்தான் வந்தேன்.

மேலே ஹாலோபிளாக். கீழே ஐந்து வரிசை மட்டும்
அகன்ற, தட்டையான, யாரும் இப்போது அறுக்காத கல்.
நாடாவை வைத்தேன். அவர் நாடாவைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்.
"நான் தோண்டலைம்மா. கொழுவுல இடிச்சுது.
அதுவா மேல வந்துச்சு."
பிறகு, கேட்காமலே:
"நாத்து விட்டுப் பன்னெண்டு நாள்."

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
பிளேடு என்ன, எறும்பு ஊர்வலமே போகிறது
வாயில் முட்டையோடு.
அந்த ஊர்வலம் திரும்பும் இடத்தில்
ஒரு கல்லில் நாயின் காலடி.
காயாத களிமண்மேல், யாரோ துரத்தத் துரத்த
ஓடிப்போன நாய்;
நான்கு விரலும், நகம் அழுந்திய புள்ளியும்.

"இத மொதல்ல உள்பக்கமாத் திருப்பித்தான் வச்சேன்,
ஆபீசுக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு."
பக்கிரிசாமி துண்டால் அதைத் துடைத்தார்.
"ராத்திரி தூக்கம் வரலை. பேத்து எடுத்து
வெளிய பாக்கத் திருப்பிட்டேன்.
ஓடுற நாயை இருட்டுக்குள்ள ஓடவுடலாமா?"

களக்குறிப்பேட்டில் குறிப்புக்கான கட்டம்
இரண்டு விரற்கடை அகலம்.
பேனா கொஞ்ச நேரம் வெயிலில் நின்றது.
"செங்கல் சுவர்" என்று எழுதினேன்.
வயது கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.
தூரத்தை அப்படியே எழுதினேன், 11.3.
எண்ணில் எனக்குப் பொய் வராது.

மும்முனை மின்சாரம் வந்தது. மோட்டார் இருமியது.
முதலில் காற்று, அப்புறம் துருநிறம்,
அப்புறம் தண்ணீர்.
ரெங்கையன் ஒரு கை அள்ளிக் குடித்துத் துப்பினார்:
"போன வருசத்துக்கு இப்ப உப்பு ஏறிடுச்சு."

மெஹருனுக்குப் பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினேன்.
என்ன சொல்ல என்று யோசிப்பதற்குள்
முப்பது நொடி மோட்டார் சத்தம் பதிவாகிவிட்டது.
அப்படியே அனுப்பினேன்.

உடனே கேட்டாள்:
"என்னடி அது, அலையா?"